லிப்பிட் ரிப்போர்ட் கையில் வந்த பிறகு: இரத்தக் கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

மருத்துவ முகாமிலோ, வேலையில் சேரும்முன் எடுக்கும் பரிசோதனையிலோ, "கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது" என்று முதன்முறையாகக் கேள்விப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் என் அண்ணனுக்கும் பின்னர் எனக்கும் இது தெரியவந்தபோது, எந்தச் சோதனையை எப்போது எடுப்பது, ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது, என்ன செலவாகும், எந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துவது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகக் கேட்டும் படித்தும் சேர்த்தவற்றை, தமிழ்நாட்டில் வாழும் ஒருவர் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே தருகிறேன். இது மருத்துவரின் இடத்தை நிரப்பாது. மருத்துவர் முன் உட்காரும் பத்து நிமிடங்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள உதவும்.

இரத்தக் கொழுப்பு கூடுவதால் வலியோ தலைசுற்றலோ பெரும்பாலும் வருவதில்லை என்பதால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ரிப்போர்ட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அதேபோல், நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வரை பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையின் எந்தப் படியும் உங்களுக்கானதல்ல. உடனே 108ஐ அழையுங்கள்.

1. சோதனையைச் சரியான நாளில், சரியான முறையில் எடுங்கள்

நீங்கள் கேட்க வேண்டிய சோதனையின் பெயர் லிப்பிட் ப்ரொஃபைல். "கொலஸ்ட்ரால் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால், சில இடங்களில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து ஒரே எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பது), எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால் என்பது), ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) ஆகிய நான்கும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போதைய பதில், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதே. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனையை ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால் வெறும் வயிற்றில் மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். எனவே சர்க்கரையையும் அன்றே பார்க்கப்போகிறீர்கள் என்றால், இரவு உணவுக்குப் பின் 9 முதல் 12 மணி நேரம் இடைவெளி விட்டுக் காலையிலேயே கொடுத்துவிடுவது வசதி. தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், அன்று காலை மருந்தை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; பட்டினியோடு மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, விபத்து ஆகியவற்றுக்குப் பின் எல்டிஎல் தற்காலிகமாகக் குறைந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தரும். உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதே நம்பகமானது. மாரடைப்பிலும் அப்படித்தான் குறையும், ஆகவே மருத்துவமனையில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் இயல்பாகவே ஏறும். அந்த எண்களைப் பார்த்துக் கலங்காமல், பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு வாரங்கள் கழித்து மறுபடியும் பாருங்கள். மது அருந்துபவர்கள் சோதனைக்கு முந்தைய இரண்டு நாட்களாவது அதைத் தவிர்க்க வேண்டும், இல்லையேல் ட்ரைகிளிசரைடு எண்ணுக்குப் பொருளே இருக்காது. இதற்கு நேர்மாறாக, சோதனைக்காகவே ஒரு வாரம் பத்தியம் இருப்பதும் வேண்டாம். வழக்கமான நாட்களில் உங்கள் இரத்தம் எப்படி இருக்கிறது என்பதே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

செலவு: தனியார் லேபுகளில் லிப்பிட் ப்ரொஃபைலுக்கு ஏறத்தாழ 300 முதல் 900 ரூபாய் வரை ஆகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஓபி சீட்டில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் செலவின்றி எடுக்க முடியும், ஆனால் இரத்தம் கொடுக்கும் வரிசை காலையிலேயே முடிந்துவிடும் என்பதால் நேரத்தோடு போக வேண்டும். "எழுபது சோதனைகள் 999 ரூபாய்" போன்ற தொகுப்புகளில் லிப்பிட் ப்ரொஃபைலும் இருக்கும் என்பது உண்மைதான். அதோடு வரும் தேவையற்ற எண்களில் ஏதாவது ஒன்று எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்து, அதைத் துரத்திக்கொண்டு அலைய நேரும் என்பதும் உண்மை. தேவையான சோதனையை மட்டும் எடுங்கள். லேபுகளின் தரத்துக்குச் சான்றளிக்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் லேபுக்கு உண்டா என்று பாருங்கள். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே லேபில் எடுங்கள். ஒருவருடைய ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் 20 சதவீதம் வரைகூட மாறக்கூடியது. லேபையும் மாற்றினால் எது உண்மையான மாற்றம் என்று கண்டுபிடிக்க முடியாது.

2. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படியுங்கள்

இந்தியாவில் எண்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில் தரப்படுகின்றன. மலேசியாவிலோ இங்கிலாந்திலோ கனடாவிலோ எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால், அது மில்லிமோல் கணக்கில் இருக்கும். கொலஸ்ட்ரால் எண்களை 38.7ஆலும், ட்ரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்கினால் நம் கணக்குக்கு வந்துவிடும்.

எல்டிஎல்தான் முதன்மையான எண். இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்து அடைப்பை உருவாக்குவதில் பெரும்பங்கு இதனுடையது. 100க்குக் கீழ் நல்லது, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160க்கு மேல் அதிகம், 190க்கு மேல் மிக அதிகம் என்பது பொதுவான வகைப்பாடு.

ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழ் இருக்க வேண்டும். 200 முதல் 499 வரை அதிகம். 500ஐத் தாண்டினால் கவலை இதயத்தோடு நிற்பதில்லை. கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது, 1000ஐத் தாண்டும்போது அது மிகவும் கூடுகிறது. இந்த எண்ணோடு மேல் வயிற்றில் முதுகு வரை பரவும் கடும் வலியும் வாந்தியும் இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இருந்தால் குறைவு. இது நம் மக்களிடம் மிகப் பரவலாக உள்ளது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் நாடளாவிய ஆய்வில், குறைந்த எச்டிஎல் 66.9 சதவீதம் பேரிடமும், உயர்ந்த ட்ரைகிளிசரைடு 32.1 சதவீதம் பேரிடமும், உயர்ந்த எல்டிஎல் 20.9 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. எச்டிஎல்லை மருந்தால் உயர்த்திப் பார்த்த ஆராய்ச்சிகள் மாரடைப்பைக் குறைக்கவில்லை. ஆகவே "நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டும்" என்று விற்கப்படும் எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம். "என் எச்டிஎல் 70 இருக்கிறது, அதனால் எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை" என்று இருந்துவிடுவதும் தவறு.

அடுத்ததைப் பல ரிப்போர்ட்டுகளில் நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் கிடைப்பது நான்-எச்டிஎல். குழாயில் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பையும் இந்த ஓர் எண் உள்ளடக்குகிறது. ட்ரைகிளிசரைடு உயர்ந்துள்ளவர்களுக்கு எல்டிஎல்லைவிட இதுவே நம்பகமான வழிகாட்டி. சாப்பிட்டதாலும் சாப்பிடாததாலும் பெரிதாக மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு: மொத்தம் 228, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210. பல லேபுகள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து (42), அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழித்துவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் எல்டிஎல் 148, நான்-எச்டிஎல் 190. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது ரிப்போர்ட்டில் ஏதோ ஓர் எல்டிஎல் எண் அச்சாகியிருந்தாலும் அதை நம்பாமல், நேரடி எல்டிஎல் அளவீடு வேண்டும் என்று கேளுங்கள்.

3. வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்

மாத்திரை தொடங்கும் முன் செய்ய வேண்டிய இந்தப் படியை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்டிஎல் ஏறும். தைராய்டுக்கு மருந்து எடுத்தால் கொலஸ்ட்ரால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். தைராய்டுக் குறைபாட்டைக் கவனிக்காமல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையைத் தொடங்கினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடுகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய், பித்தநீர்ப் பாதை அடைப்பு, மது ஆகியவையும் இரத்தக் கொழுப்பைக் கூட்டும் காரணங்களே.

எனவே தைராய்டுக்கான டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான க்ரியாட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தனியாரில் இவை அனைத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சற்று முன்பின்னாகத் தொடும். ஸ்டீராய்டு மாத்திரை, சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவையும் எண்களை மாற்றும் என்பதால், நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாத சூரணங்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையையும் வாழ்நாளில் ஒருமுறை எடுக்க வேண்டும். லைப்போபுரோட்டீன்-ஏ, சுருக்கமாக எல்பி-ஏ, பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் அது தெரியாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாரடைப்பு ஆபத்து கூடுதல் என்று கொள்கிறார்கள். ஏறத்தாழ 800 முதல் 1500 ரூபாய் வரை ஆகும். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. உங்களுக்கான இலக்கு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் "இயல்பு அளவு" எல்லோருக்குமானது. உங்கள் வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எதுவும் லேபுக்குத் தெரியாது. எல்டிஎல் 118 உள்ள இருவரில் ஒருவருக்கு நடைப்பயிற்சி போதும் என்றும், மற்றவருக்கு இன்றே மாத்திரை வேண்டும் என்றும் ஒரே மருத்துவர் சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 நெறிகள் தரும் இலக்குகள் இவை. ஆபத்துக் காரணி அதிகம் இல்லாதவர்களுக்கு எல்டிஎல் 100க்குக் கீழும் நான்-எச்டிஎல் 130க்குக் கீழும் இருக்க வேண்டும். சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் அதிக ஆபத்தில் உள்ளவர்களுக்கு எல்டிஎல் 70க்கும் நான்-எச்டிஎல் 100க்கும் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ ஆஞ்சைனாவோ (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி) பக்கவாதமோ வந்தவர்கள், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு எல்டிஎல் 55க்கும் நான்-எச்டிஎல் 85க்கும் கீழே. ஸ்டென்ட் வைத்த ஒருவரின் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 95 என்று வந்து, அதன் அருகே இயல்பு என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துக் குடும்பமே நிம்மதியடைவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது இலக்கைவிட 40 கூடுதல்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், எனக்கு எல்டிஎல் எவ்வளவுக்குக் கீழ் இருக்க வேண்டும்? மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்." இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. அந்த எண் தாளில் இருந்தால், அடுத்த முறை வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் சிகிச்சை முதலிலிருந்து தொடங்காது. ஈசிஜி இயல்பாக இருப்பதால் கொலஸ்ட்ராலைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று யாராவது சொன்னால், அதை ஏற்காதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி குழாயில் படிந்து வரும் கொழுப்பைக் காட்டாது.

5. எடுத்துச்செல்ல வேண்டிய தாள்கள்

ஒரு கோப்பில், தேதி வாரியாக: எல்லா லிப்பிட் ரிப்போர்ட்டுகளும் (பழையவை கட்டாயம், ஏனெனில் மாத்திரை தொடங்கும் முன் இருந்த எண்ணே பிற்காலத்தில் மிகவும் தேவைப்படும்), மூன்றாவது படியில் சொன்ன சோதனைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அல்லது அவற்றின் படம், இதய மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் அளந்த இரத்த அழுத்த எண்கள். லேபுகள் வாட்ஸாப்பில் அனுப்பும் ரிப்போர்ட்டை அன்றே தரவிறக்கிச் சேமியுங்கள். இணைப்பு சில காலத்துக்குப் பின் திறக்காமல் போகலாம்.

அதோடு அரைத் தாளில் குடும்ப வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா ஆகியோரில் யாருக்கு, எந்த வயதில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தது என்பதே கேள்வி. ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்களுக்கு 65 வயதுக்கு முன்பும் வந்திருந்தால் அது முக்கியமான தகவல். "தூக்கத்திலேயே போய்விட்டார்", "திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்" என்று வீட்டில் சொல்லும் மரணங்களையும் வயதோடு குறித்துக்கொள்ளுங்கள். இதை மருத்துவர் முன் யோசித்துச் சொல்ல முடியாது. வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

6. சாப்பாட்டில் எதை மாற்றினால் எந்த எண் மாறும்

எல்டிஎல்லைக் கூட்டுவது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும், ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதியும் இந்த வகை. நெய், வெண்ணெய், வனஸ்பதி, ஆட்டிறைச்சிக் கொழுப்பு ஆகியவையும் இதில் சேரும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் இது மிகவும் குறைவு. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விட்டுவிடச் சொல்வது எளிது, எல்லாக் குடும்பங்களாலும் அது முடியாது என்பதை அறிவேன். முடியாதவர்கள் அளவைக் குறைப்பதே வழி: எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் கணக்கிட்டு வாங்குங்கள். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதற்கு விலை கொடுக்காதீர்கள், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது.

ட்ரைகிளிசரைடைக் கூட்டுவது வேறு. மலையாகக் குவித்த சோறு, பரோட்டா, சர்க்கரை போட்ட டீ பல வேளை, பழச்சாறு, மது இவைதான். எண்ணெயையும் முட்டையையும் முற்றிலும் நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் இட்லியும் சோறுமாகச் சாப்பிட்டால் எல்டிஎல் சிறிது இறங்கும், ட்ரைகிளிசரைடோ ஏறி நிற்கும். இதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் எந்த எண் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பத்தியம் தொடங்கக் கூடாது. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தைப் பருப்பு, சுண்டல், கீரை, காய், மீன் ஆகியவற்றால் நிரப்புங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதும், இடுப்புச் சுற்றளவை ஆண்கள் 90 சென்டிமீட்டருக்கும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்கும் கீழே கொண்டுவருவதும் ட்ரைகிளிசரைடில் நன்றாகத் தெரியும். எல்டிஎல் மிக உயர்ந்துள்ளவர்களுக்கு உணவு மட்டும் போதாது. அவர்கள் "முதலில் ஆறு மாதம் பத்தியத்தில் பார்க்கலாம்" என்று காத்திருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

பூண்டு, வெந்தயம், இஞ்சிச் சாறு ஆகியவற்றைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இணையத்தில் விற்பதில் இருப்பது லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான், அளவு மட்டும் ஒவ்வொரு டப்பாவுக்கும் மாறும். இயற்கை என்று நம்பி, ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாட்டினோடு அதையும் சேர்ப்பது ஆபத்து.

7. மாத்திரை எழுதிக் கொடுத்தால்

முதல் மருந்து ஏறக்குறைய எப்போதும் ஸ்டாட்டின். எல்டிஎல் இப்போதுள்ளதைவிட 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கண்ட முடிவு. அட்டோர்வாஸ்டாட்டின் 10 அல்லது 20, ரோசுவாஸ்டாட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் எல்டிஎல்லை 30 முதல் 49 சதவீதம் வரை குறைக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80, ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 மில்லிகிராம் பாதியோ அதற்கு மேலோ குறைக்கும்.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். எல்டிஎல் 148 உள்ளவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, இலக்கு 70. அவருக்குத் தேவை 53 சதவீதக் குறைப்பு. 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டினில் அது நடக்காது என்பதை மருத்துவரிடம் போகும் முன்பே அவரால் கணக்கிட்டுவிட முடியும், கேள்வியும் கேட்க முடியும். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் குறைப்பு 6 சதவீதம் மட்டுமே. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் எஸெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் மேலும் 20 சதவீதம் அளவுக்குக் குறையும். இரண்டாவது மாத்திரை சேர்ப்பதற்குக் காரணம் நோய் முற்றியது அல்ல, இந்தக் கணக்குதான். ஆனால் அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது. குறிப்பாக, ஆசிய நாட்டவர் உடலில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகத் தங்குவதால் குறைந்த அளவில் தொடங்குவதே முறை.

செலவுக்கு வருகிறேன். அட்டோர்வாஸ்டாட்டின் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும் மருந்துகளில் ஒன்று. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் பிராண்டு விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கலாம். மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால், மூலப்பெயரையும் (மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயர்) எழுதித் தரும்படி கேளுங்கள். எவொலோகுமாப், அலிரோகுமாப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்க்ளிசிரான் ஆகிய ஊசிகள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செலவு வைப்பவை. ஸ்டாட்டினும் எஸெட்டிமைப்பும் முழு அளவில் எடுத்தும் இலக்கை எட்டாதவர்களுக்கும், மரபுவழிக் கொழுப்பு உள்ளவர்களுக்கும் அவை உரியவை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இதய மருத்துவர் ஒரு பிராண்டில் ரோசுவாஸ்டாட்டினும், சர்க்கரை மருத்துவர் வேறொரு பிராண்டில் அட்டோர்வாஸ்டாட்டினும் எழுதிவிட, நோயாளி இரண்டையும் சாப்பிடுவது நடக்கிறது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ரோசுவாஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்சூலில் வருவதும் இங்கே வழக்கம் என்பதால், பிராண்டு பெயரைப் பார்த்தால் எதுவும் புரியாது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படித்து, "ஸ்டாட்டின்" என்று முடியும் பெயர் ஒன்றுக்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். (பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் நிஸ்டாட்டின் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேராதது.)

தசை வலி வந்தால் மருந்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் ஒருசேர வரும் வலியைச் சொல்லி, சிகே என்ற இரத்தச் சோதனையைக் கேளுங்கள். மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ பெரும்பாலானோர் தொடர முடிகிறது. வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் உடனே நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை சற்றுக் கூடும் வாய்ப்பு உண்டு, ஆனால் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரியது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பொதுவாக ஸ்டாட்டின் தருவதில்லை. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் யாராவது எழுதினால், ஸ்டாட்டின் சாப்பிடுவதை அவரிடம் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடுக்கான ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்க்கக் கூடாது. அந்தத் தேவை வந்தால் ஃபீனோஃபைப்ரேட் தருவார்கள்.

8. மறுசோதனைக்கான காலக்கெடு

மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ 4 முதல் 12 வாரங்களுக்குள் லிப்பிட் ப்ரொஃபைலை மறுபடி எடுங்கள். ஸ்டாட்டினின் பலன் முழுமையாகத் தெரிய நான்கு வாரமாவது வேண்டும். பத்தாம் நாளில் எடுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். இலக்கை எட்டிய பின் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும். எல்டிஎல் 62க்கு வந்துவிட்டது, கொலஸ்ட்ரால் "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் மிகப் பலர். அந்த 62 மாத்திரை தந்த எண். நிறுத்திய சில வாரங்களில் பழைய எண்ணே திரும்பி வரும்.

9. காப்பீடும் வரியும்

வெளிநோயாளிச் சோதனைகளுக்கும் மாத மாத்திரைக்கும் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. ஆனால் புதிய பாலிசி எடுக்கும்போது, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுவதைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். முகவர் "இதெல்லாம் எழுத வேண்டாம்" என்று சொன்னாலும் எழுதுங்கள். பின்னாளில் இதயச் சிகிச்சைக்கான தொகையை மறுக்க அந்த ஒரு வரியே காரணமாகலாம். 2024 முதல், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துள்ளது. ஆகவே உண்மையைச் சொல்லி இன்றே தொடங்குவதுதான் லாபம். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்கள், முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். லேப் ரசீதுகளைக் கோப்பிலேயே வையுங்கள்.

10. எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால், குடும்பத்தையும் சோதியுங்கள்

தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றில் குறையின்றி எல்டிஎல் 190ஐத் தாண்டினால், மரபுவழி உயர்கொலஸ்ட்ரால் இருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பிறந்த நாள் முதலே எல்டிஎல் உயர்ந்திருப்பதால் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மாரடைப்பு வருகிறது. குதிகால் தசைநாண் தடித்திருப்பது, கைமூட்டுகளில் மஞ்சள் நிற முண்டுகள், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் ஆகியவை அடையாளங்கள், ஆனால் பலருக்கு எந்த அடையாளமும் இருக்காது. ஒல்லியான உடலும் சைவ உணவும் இதிலிருந்து காப்பதில்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், கணவன் மனைவி இருவருக்குமே இது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துசேரும் ஆபத்து கூடுதல். அத்தகைய குழந்தைகளுக்கு எல்டிஎல் 400ஐயும் தாண்டிச் சிறு வயதிலேயே இதயக்குழாய் அடைத்துக்கொள்ளும். பெற்றோருக்கு உறுதியானால் குழந்தைக்கு இரண்டு வயதுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம், பத்து வயதைத் தாண்டவிடக் கூடாது. குழந்தைகளுக்கு 160க்கு மேல் இருந்தாலே சந்தேகம் கொள்ள வேண்டும்; மருந்தை எட்டு முதல் பத்து வயதுக்குள் தொடங்குவது வழக்கம்.

மரபணுச் சோதனை இதை உறுதிசெய்யும், ஆனால் சிகிச்சை தொடங்க அது கட்டாயமில்லை. உறவினர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு சாதாரண லிப்பிட் ப்ரொஃபைல்தான். உங்கள் ரிப்போர்ட்டின் படத்தை உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி, அவர்களும் இந்த மாதமே சோதனை எடுத்து எல்டிஎல் எண்ணைச் சொல்லும்படி கேளுங்கள். பெற்றோர் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். யாருக்காவது 190க்கு மேல் வந்தால், அவர் மருத்துவரிடம் போகும்போது உங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் ஐந்தாம் படியில் எழுதிய குடும்ப வரலாற்றுத் தாளையும் உடன் எடுத்துச்செல்லச் சொல்லுங்கள்.